சாலைக்கும் செப்பாங்கிற்கும் ஒரே கார்: எடை குறைந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் எதை வாங்குவது?

பிரிக்பீல்ட்ஸ்வாசி எழுதியது (திங்கள், இரவு 9.12)

அனைவருக்கும் வணக்கம். அன்றாட வேலைக்கு என்னிடம் ஒரு மைவி (சிறிய பெரோடுவா கார்) இருக்கிறது; அது தொடர்ந்து இருக்கும். வார இறுதிக் காலைகளில் உலு லங்காட்டிலிருந்து செமினிக்குச் செல்லும் சாலையிலும் உலு யாம் பக்கமும் ஓட்டி மகிழவும், ஆண்டில் சில முறை செப்பாங் பந்தயத் தளத்தில் நடக்கும் டிராக் டே (சொந்தக் காரைத் தளத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள்) நிகழ்வுகளில் கலந்துகொள்ளவும், எடை குறைந்த, பின்சக்கர இயக்கமுள்ள, கையால் கியர் மாற்றும் பழைய கார் ஒன்றைத் தேடுகிறேன். அடுக்குமாடியில் வசிப்பதால் டிரெய்லர் வைத்துக்கொள்ள இடமில்லை. காரைத் தளத்திற்கு ஓட்டிச் சென்று, அதே காரில் வீடு திரும்ப வேண்டும்.

1,20,000 ரிங்கிட் வரை ரொக்கமாகச் செலவிட முடியும். அதில் ஒரு பகுதியைப் பழுதுபார்ப்புக்கு ஒதுக்க வேண்டும் என்பதையும் அறிவேன். மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் இரண்டாம் தலைமுறையான என்பி அல்லது மூன்றாம் தலைமுறையான என்சி, டொயோட்டா எம்ஆர்-எஸ், ஹோண்டா எஸ்2000, லோட்டஸ் எலிஸ் ஆகியவை என் பட்டியலில் உள்ளன. எஸ்2000, எலிஸ் இரண்டும் என் வரம்பை மீறக்கூடும். ஆனாலும் அவை உண்மையிலேயே அந்த அளவுக்கு மேலானவை என்றால், இன்னும் ஓராண்டோ ஈராண்டோ சேமித்துக் காத்திருக்க ஆயத்தமாக இருக்கிறேன். அப்படிக் காத்திருப்பது தகுமா என்பதே என் முதன்மைக் கேள்வி. இதுவரை முன்சக்கர இயக்கக் கார்களை மட்டுமே ஓட்டியிருக்கிறேன் என்பதையும், என் உயரம் 183 செ.மீ. என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

கிள்ளான் பட்டறைக்காரர் எழுதியது (திங்கள், இரவு 10.47)

தம்பி, இந்த வகைக் கார்களைப் பட்டறையில் தொடர்ந்து பார்த்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: நம் நாட்டில் இந்தத் தேர்வில் மாடலைவிடக் காரின் நிலைக்கே முதலிடம் கொடுக்க வேண்டும். ஏபி என்னும் இறக்குமதி அனுமதியின் வழியாக வரும் ரீகண்டிஷன் காருக்கு, அதாவது வெளிநாட்டில் ஓடிய பழைய காருக்கு, ஒன்று முதல் ஐந்து ஆண்டு வரை வயது இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. எம்ஆர்-எஸ் உற்பத்தி 2007இல் நின்றது. எஸ்2000 உற்பத்தி 2009இல் நின்றது. ஆகவே அந்த வழியாகப் புதிதாக ஒரு கார் உள்ளே வருவது பல ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது. இப்போது விற்பனைக்கு வருபவை எல்லாம் ஏற்கெனவே இங்கே சில கைகள் மாறியவை. அவற்றில் சில அன்போடு வளர்க்கப்பட்டவை. சில ஹாஃப்-கட் பாகங்களால், அதாவது வெட்டி இறக்குமதி செய்த பழைய கார்களின் பாகங்களால், ஒட்டவைக்கப்பட்டவை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பளபளப்போடுதான் நிற்கும்.

ஒவ்வொரு காருக்கும் அதற்கே உரிய நோய் உண்டு. எம்எக்ஸ்-5 காரில் துணிக் கூரையிலிருந்து வழியும் மழைநீர், இருக்கைகளுக்குப் பின்னால் இரு மூலைகளிலும் உள்ள வடிகால் துளைகள் வழியாகக் கீழே இறங்க வேண்டும். காரை மரத்தடியில் நிறுத்திப் பழகியவர்களிடம் அந்தத் துளைகள் சருகால் அடைபட்டு, நீர் உள்ளேயே தேங்கி, கதவுக்குக் கீழுள்ள சில் பகுதியை உள்ளிருந்து அரித்துவிடும். வெளியே வர்ணம் கொப்புளிக்கத் தொடங்கும்போது உள்ளே இரும்பு பெரும்பாலும் போய்விட்டிருக்கும். என்பி காரில் இத்துடன் முன்பக்கச் சேஸி சட்டங்களும் துருப்பிடிக்கும். அவை இரட்டைத் தகடாக இருப்பதால் பழுதுபார்ப்பது எளிதன்று. நம் நாட்டுச் சாலைகளில் பனிக்கு உப்புத் தூவுவதில்லை என்றாலும், அந்தக் கார் இங்கு வருவதற்கு முன் எந்த ஊரில் ஓடியது என்பது நமக்குத் தெரியாது.

எம்ஆர்-எஸ் காரின் 1இசட்இசட் என்ஜினில், 2002 இறுதியில் செய்யப்பட்ட மாற்றத்திற்கு முந்தையவற்றைக் கவனமாகப் பார்க்க வேண்டும். புகை வெளியேறும் மேனிஃபோல்டிலேயே அமைந்த, புகையைச் சுத்திகரிக்கும் சிறிய முன்-கேட்டலிஸ்ட் நாளடைவில் உதிர்ந்து, அதன் துகள்கள் என்ஜினுக்குள் பின்னோக்கி இழுக்கப்பட்டு, சிலிண்டர் சுவர்களைச் சுரண்டிவிடும். பிஸ்டனில் எண்ணெய் திரும்புவதற்கான துளைகள் போதாமல் எண்ணெய் எரியும் சிக்கலும் அதே என்ஜினுக்கு உண்டு. முந்தைய உரிமையாளர் மேனிஃபோல்டை மாற்றிவிட்டாரா என்று கேட்பது முதல் கேள்வியாக இருக்கட்டும்.

2004க்கு முந்தைய எலிஸ் என்றால் அதில் இருப்பது ரோவர் கே-சீரிஸ் என்ஜின்; என்ஜின் தலைக்கும் உடலுக்கும் நடுவிலுள்ள அதன் ஹெட் கேஸ்கெட் உலகறிந்த பலவீனம். குளிர்விக்கும் நீரின் அளவு குறைவாகவும், ரேடியேட்டர் முன்னாலும் என்ஜின் நடுவிலும் இருப்பதால், கோலாலம்பூரின் பிற்பகல் நெரிசலில் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கும். 2004 முதல் வந்த 111ஆர் காரில் டொயோட்டாவின் 2இசட்இசட் என்ஜின் இருக்கிறது. காத்திருப்பதாக இருந்தால் அதற்காக மட்டும் காத்திரு.

செந்தூல் இளவல் எழுதியது (செவ்வாய், காலை 7.30)

பட்டறைக்கார அண்ணன் சொன்ன நோய்கள் எல்லாம் உண்மையே. ஆனால் எலிஸ் காரை ஏன் மற்றவற்றோடு ஒரே வரிசையில் வைக்கக் கூடாது என்பதைச் சொல்ல விரும்புகிறேன். 1996இல் வந்த முதல் எலிஸ் ஏறத்தாழ 725 கிலோ எடை கொண்டது. அலுமினியப் பட்டைகளைப் பசையால் ஒட்டிச் செய்த அதன் சேஸியின் எடை 68 கிலோ மட்டுமே. பிற்காலத்து 111ஆர் கூட 860 கிலோ அளவில் நிற்கிறது. இந்தப் பட்டியலில் உள்ள எஸ்2000 அதைவிட ஏறத்தாழ 400 கிலோ கூடுதல். எடை குறைந்த கார் வேண்டும் என்று தொடங்கிய இழையில் இந்த வேறுபாட்டைச் சிறிய விஷயமாகக் கடந்துவிட முடியாது.

ஸ்டியரிங்கிற்கு எந்த விசையுதவியும் கிடையாது. முன்சக்கரங்களின் மேல் அவ்வளவு குறைந்த எடை இருப்பதால் அது தேவைப்படுவதும் இல்லை. சாலையின் சிறு மேடும் ஈரமும் விரல் நுனிக்கு வந்து சேரும். இதை எம்எக்ஸ்-5 நெருங்கும்; எட்டிப் பிடிக்காது. அலுமினியச் சேஸிக்கும் ஃபைபர் உடலுக்கும் நம் மழை ஒரு பொருட்டன்று. மேலும் எலிஸ் விற்பனைக்கு வந்த அதே 1996இல் நம் நாட்டுப் புரோட்டோன் நிறுவனம் லோட்டஸை வாங்கியது. 2017இல் கீலி, எட்டிக்கா நிறுவனங்களிடம் கைமாறும் வரை, இருபது ஆண்டுகளுக்கு மேல் அது மலேசிய உடைமையாக இருந்தது. அந்தக் காலத்தில் நம் நாட்டு உரிமையில் உருவான மிகச் சிறந்த கார் இதுவே என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

காத்திருக்க முடிந்தால் காத்திருங்கள். இடையில் வேறொன்றை வாங்கி, அதற்கு ஸ்பிரிங்கும் சக்கரமும் மாற்றிச் செலவழித்தால், எலிஸுக்கான பணம் அங்கேயே கரைந்துவிடும்.

சுபாங் சாரதி எழுதியது (செவ்வாய், பிற்பகல் 1.05)

தம்பி இளவலின் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆயினும் செப்பாங்கில் தொடர்ந்து ஓட்டுபவள் என்ற முறையில் சில செய்திகளைச் சேர்க்க வேண்டும். நான் ஓட்டுவது டொயோட்டா 86. அது இந்தப் பட்டியலில் இல்லை என்பதால் எந்தக் காருக்கும் சார்பாகப் பேச எனக்குக் காரணமில்லை.

செப்பாங் ஃபார்முலா 1 காருக்காக 1999இல் அமைக்கப்பட்ட தளம். முழுச் சுற்று 5.543 கிலோமீட்டர், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டு நேர்ப்பாதைகள் 15ஆம் திருப்பத்தில் ஒன்றோடொன்று கொண்டை ஊசிபோல் மடிகின்றன. 140 குதிரைத்திறன் கொண்ட எம்ஆர்-எஸ் அந்த நேர்ப்பாதையில் பின்னால் வருபவர்களுக்கு வழிவிட்டுக்கொண்டே இருக்கும். அதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. 5, 6ஆம் திருப்பங்களிலும், 12, 13ஆம் திருப்பங்களிலும் கார் தன் எடையின் பலனைக் காட்டும். கற்றுக்கொள்ளும் இடங்களும் அவைதான். ஆனால் குதிரைத்திறன் குறைந்த காரில் கண்ணாடியைப் பார்ப்பதும் ஒரு திறமை என்பதை முதல் நாளிலேயே பழகிக்கொள்ள வேண்டும்.

எடை குறைந்த காரின் உண்மையான வரவு பிரேக்கிலும் டயரிலும் தெரியும். மணிக்கு 200 கி.மீ. வேகத்திலிருந்து 80க்குக் குறைக்கும்போது, ஓட்டுநரோடு சேர்த்து 1,100 கிலோ உள்ள கார் ஏறத்தாழ 14 லட்சம் ஜூல் ஆற்றலை வெப்பமாக மாற்றியாக வேண்டும். 1,500 கிலோ கார் என்றால் 19 லட்சத்திற்கு மேல். 1ஆம் திருப்பத்திலும் 15ஆம் திருப்பத்திலும் இது ஒவ்வொரு சுற்றிலும் நடக்கிறது. அதனால்தான் கனமான, திறன் மிக்க கார்கள் சில சுற்றுகளிலேயே பிரேக் மணக்க உள்ளே வந்து நிற்க, எம்எக்ஸ்-5 கார்கள் அமர்வு முழுவதும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. இந்தத் தளத்தில் வலப்புறத் திருப்பங்கள் 10, இடப்புறத் திருப்பங்கள் 5. ஆகவே இடப்பக்க டயர்கள் முதலில் தேயும். திசை குறித்த டயர் அல்லாவிட்டால் பக்கம் மாற்றிப் போட்டு இன்னும் சில அமர்வுகளுக்குப் பயன்படுத்தலாம். கனமான காரில் டயருக்கும் பிரேக் பேடுக்கும் ஆகும் செலவையும் எடை குறைந்த காரில் ஆகும் செலவையும் ஓராண்டுக்குக் கூட்டிப் பார்த்தால், எந்தக் காரை உங்களால் அடிக்கடி ஓட்ட முடியும் என்பது தெரிந்துவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள். வழக்கமான மோட்டார் காப்புறுதி பந்தயத்தையும் வேகச் சோதனையையும் விலக்கி வைத்திருக்கிறது. தளத்தில் ஏற்படும் சேதம் முழுவதும் உங்கள் கணக்கில் சேரும் என்று எண்ணிக்கொண்டே உள்ளே செல்லுங்கள். ஏற்பாட்டாளர் கையெழுத்து வாங்கும் படிவத்தில், தடுப்பு வேலிக்கு ஏற்படும் சேதத்தை யார் ஏற்பது என்ற பகுதியைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். எலிஸ் காரின் முன்பக்க உடல் கிளாம் எனப்படும் ஒரே பெரிய ஃபைபர் துண்டு. சிறு மோதலும் பெருஞ்செலவு. ஒட்டிய அலுமினியச் சேஸி வளைந்துவிட்டால் அதைச் சாதாரணப் பட்டறையில் வெட்டி ஒட்டவும் முடியாது. ஒருநாள் சரளையில் போய் நின்றாலும் மனம் கலங்காமல் இருக்கக்கூடிய காரைத்தான் தளத்திற்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது, திறந்த கூரைக் கார்கள் நான்குக்கும், கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் உருள்பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். அதைப் பின்னர் விரிவாக எழுதுகிறேன்.

பிரிக்பீல்ட்ஸ்வாசி எழுதியது (செவ்வாய், இரவு 8.50)

அண்ணனுக்கும் சகோதரிக்கும் இளவலுக்கும் நன்றி. ஒவ்வொருவர் சொன்னதையும் இருமுறை படித்தேன். தளத்தில் காரை முற்றிலும் இழந்தால் என்னால் தாங்க முடியுமா என்று கணக்கிட்டுப் பார்த்தேன். எலிஸ் விலையில் நிச்சயமாக முடியாது. எனினும் எஸ்2000 காரைப் பற்றி யாரும் அதிகம் சொல்லவில்லை. நிமிடத்திற்கு 9,000 சுழற்சி வரை போகும் என்ஜின் என்பதால் அதைக் கைவிட மனம் வரவில்லை. முதன்முதலாகப் பின்சக்கர இயக்கக் காரை ஓட்டுபவருக்கு அது ஏற்றதா?

பத்து தீகா மூத்தவர் எழுதியது (புதன், காலை 6.15)

தம்பி, எஸ்2000 அற்புதமான பொறியியல். ஜப்பானியக் காரில் 1,997 சி.சி. என்ஜினிலிருந்து 8,300 சுழற்சியில் 250 குதிரைத்திறன், டர்போ இல்லாமல். ஆனால் 1999 முதல் வந்த, ஏபி1 என்னும் முதல் வகை எஸ்2000 காரின் பின்சக்கரங்கள், சஸ்பென்ஷன் அமுங்கும்போது திசைக்கோணம் மாறும்படி அமைந்திருக்கின்றன. வேகமான திருப்பத்தின் நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பகுதி திடீரென்று விலகும். 2004 அளவில் ஹோண்டாவே அந்த அமைப்பைத் திருத்தியது. நல்ல டயரும், தெரிந்தவர் செய்த சக்கர அலைன்மெண்டும், வறண்ட சாலையும் இருந்தால் அது அடங்கி நடக்கும். நம் ஊரில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வானம் என்ன செய்யும் என்பது உங்களுக்கே தெரியும். பின்சக்கரம் விலகுவது எப்படிப்பட்ட உணர்வு என்பதை மெதுவாக விலகும் ஒரு காரில் கற்றுக்கொண்ட பிறகு அதற்குப் போவது நல்லது.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். பின்சக்கர இயக்கம் என்ற உங்கள் நிபந்தனையை மீறுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஷா ஆலாமில் பத்து தீகா தளம் இருந்த காலத்திலிருந்து இந்த விளையாட்டைப் பார்த்து வருகிறேன். அன்று இங்கே வேகமாக ஓட்டக் கற்றவர்களில் மிகப் பலர் முன்சக்கர இயக்கக் கார்களில்தான் கற்றார்கள். லோட்டஸ் கைபட்டுச் சீரமைத்த புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ, 1.8 லிட்டர் என்ஜினும் ரெக்காரோ இருக்கைகளும் கொண்டது, இன்றும் செப்பாங்கில் மதிப்பிழக்காத கார். அதன் விலை உங்கள் வரம்பில் ஒரு சிறு பகுதிதான். மீதியைப் பயிற்சிக்கும் டயருக்கும் செலவிடலாம். எந்தச் சிற்றூரிலும் அதைத் திறந்து பார்க்கத் தெரிந்த மெக்கானிக் இருப்பார். தலைக்கு மேல் இரும்புக் கூரையும் இருக்கிறது.

கிள்ளான் பட்டறைக்காரர் எழுதியது (புதன், நண்பகல் 12.20)

மூத்தவர் ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. சாதாரண சத்ரியாவுக்கு ஜிடிஐ பம்பரும் இருக்கையும் என்ஜினும் பொருத்தி விற்பது நெடுங்காலமாக நடக்கிறது. பதிவுப் பத்திரத்தில் உள்ள சேஸி எண்ணும் என்ஜின் எண்ணும் காரில் பொறித்திருப்பவையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. என்ஜின் மாற்றப்பட்டிருந்தால் அது ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறையில்) பதிவாகியிருக்க வேண்டும். இது எம்ஆர்-எஸ் காருக்கும் பொருந்தும். 2இசட்இசட் என்ஜினை அதில் மாற்றிப் பொருத்துவது பரவலான பழக்கம்.

பெயர் மாற்றத்திற்கு வாகனச் சோதனை நிறுவனமான புஸ்பாகோம் செய்யும் பி5 சோதனையை நம்பி ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிவிடாதீர்கள். அது எண்களையும் அடையாளத்தையும் சரிபார்ப்பதற்கானது. சில் உள்ளே அரித்திருப்பதையோ, இரண்டாம் கியரின் சின்க்ரோ (கியர் மென்மையாக விழ உதவும் வளையம்) தேய்ந்திருப்பதையோ அது சொல்லாது. காரை இரவு முழுவதும் நிறுத்தி வைத்திருக்கச் சொல்லி, காலையில் குளிர்ந்த என்ஜினை நீங்களே இயக்குங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள். ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் (உள்ளே காற்று அமுக்கப்படும் அழுத்தத்தையும்) அளந்து பார்க்கச் செய்யுங்கள். எண்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பது, உயர்வாக இருப்பதைவிட முக்கியம். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் காட்டும். நான்கு டயர்களும் நான்கு வெவ்வேறு காலத்தவை என்றால், அந்தக் காரை வைத்திருந்தவர் மற்றதையும் அப்படித்தான் பராமரித்திருப்பார்.

சாலை வரியைப் பற்றித் தம்பி கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். தீபகற்பத்தில் 1.6 லிட்டர் காருக்கு 90 ரிங்கிட், 1.8 லிட்டர் காருக்கு 280 ரிங்கிட்டுக்குச் சற்றுக் குறைவு, 2 லிட்டர் காருக்கு 380 ரிங்கிட் அளவு. இந்தத் தேர்வில் அது ஒரு காரணமே அன்று.

எஸ்2000 காரைப் பொறுத்தவரை, அவ்வளவு உயரச் சுழலும் என்ஜினைத் தவறுதலாகக் கீழ்க் கியருக்குத் தள்ளியவர்கள் விட்டுச்செல்லும் காயம், வால்வு ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் ரிடெய்னரில் ஒளிந்திருக்கும். அதைத் திறந்து பார்க்காமல் வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. திறந்து பார்க்க விற்பவர் பெரும்பாலும் சம்மதிப்பதில்லை.

செந்தூல் இளவல் எழுதியது (புதன், இரவு 11.02)

எலிஸ் இழப்பைத் தாங்க முடியாது என்று பிரிக்பீல்ட்ஸ் அண்ணன் முடிவு செய்தது அவருடைய உரிமை; அதை மதிக்கிறேன். ஆனால் சகோதரி சாரதியின் அளவுகோலை அப்படியே ஏற்றுக்கொண்டால் யாருமே நல்ல காரைத் தளத்திற்குக் கொண்டுவர முடியாது. தன் வேகத்தை அறிந்து, வறண்ட காலை அமர்வில் மட்டும் ஓட்டி, எல்லைக்குச் சற்று உள்ளேயே நிற்பவருக்கு எலிஸ் தரும் மகிழ்ச்சியை வேறெந்தக் காரும் தராது. எல்லையைத் தொட்டால்தான் கற்றுக்கொள்ள முடியும் என்பதை நான் ஏற்கவில்லை.

ஆயினும் எலிஸ் வாங்க எண்ணும் மற்றவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். பின்சக்கரத்தின் திசையைப் பிடித்துவைக்கும் டோ-லிங்க் மூட்டுகள் தளத்தில் ஓடும் கார்களில் முறிந்திருக்கின்றன. முறிந்தால் பின்சக்கரம் தானாகத் திரும்பிவிடும். வலுவூட்டிய மாற்றுப் பாகத்தைப் போட்ட பிறகே தளத்திற்குச் செல்லுங்கள். ஒட்டும் தன்மை மிக்க டயர் போட்டால், நீண்ட திருப்பங்களில் 2இசட்இசட் என்ஜினின் எண்ணெய் ஒருபக்கமாக ஒதுங்காதிருக்கத் தடுப்புத் தகடு வைத்த சம்ப் (என்ஜினின் எண்ணெய்த் தொட்டி) வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ்வாசி எழுதியது (ஞாயிறு, மாலை 6.40)

நேற்றும் இன்றும் சில கார்களைப் பார்த்துவிட்டு வந்தேன். முதலில் ஒரு எம்ஆர்-எஸ். ஓட்டுவதற்கு மிக இனிமையாக இருந்தது. என்ஜின் முதுகுக்குப் பின்னால் இருப்பதும் முன்பகுதி எடையற்றதுபோல் திரும்புவதும் என்னை வியக்க வைத்தன. ஆனால் மேனிஃபோல்டு பழையதாகவே இருந்தது. எண்ணெய் அளவுகோலில் அடிமட்டக் குறிக்கும் கீழே எண்ணெய் நின்றது. மேலும் இருக்கைக்குப் பின்னாலுள்ள சிறு பெட்டியைத் தவிரச் சாமான் வைக்க இடமே இல்லை. தலைக்கவசம், கருவிகள், எண்ணெய், மாற்றுடை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு செப்பாங் போய்த் திரும்புவது கடினம்.

என்பி ஒன்றில் அமர்ந்தேன். என் தலை கூரைத் துணியைத் தொட்டது. அடுத்து, பெட்டாலிங் ஜெயாவில், 2009 மாற்றத்திற்குப் பிந்தைய, துணிக் கூரையுள்ள 2 லிட்டர் என்சி ஒன்றைப் பார்த்தேன். மடங்கும் இரும்புக் கூரை உள்ள வகையைவிட இது எடை குறைவு என்பதால் இதையே தேடினேன். குளிர்ந்த என்ஜினை நானே இயக்கினேன். வடிகால் துளைகளில் நீர் ஊற்றியபோது இரு பக்கமும் உடனே கீழே வடிந்தது. நான்கு டயர்களும் ஒரே காலத்தவை. அண்ணன் சொன்னபடி பட்டறைக்குக் கொண்டுவந்து கம்ப்ரஷன் பார்க்க உரிமையாளர் சம்மதித்திருக்கிறார். என்சி மற்ற தலைமுறைகளைவிடப் பெரியது, மென்மையானது என்று பலர் குறை கூறுவதைப் படித்திருக்கிறேன். அந்தக் குறை எவ்வளவு உண்மை?

கிள்ளான் பட்டறைக்காரர் எழுதியது (ஞாயிறு, இரவு 9.15)

தம்பி, அந்தக் குறை பெரும்பாலும் அதன் உயரமான நிற்பைப் பற்றியது. என்சி தொழிற்சாலையிலிருந்து வரும்போது சக்கரத்திற்கும் உடலுக்கும் இடையே நிறைய இடைவெளியோடு நிற்கும், திருப்பங்களில் சாயும். ஆனால் அதன் எடை 1,100 கிலோ அளவில்தான். இன்றைய நகரக் கார்கள் பலவற்றைவிடக் குறைவு. முன்னால் இரட்டை விஷ்போனும் பின்னால் மல்டிலிங்க்கும் உள்ள நல்ல அடித்தளம் அது. மாஸ்டா ஆர்எக்ஸ்-8 காரோடு பகிர்ந்துகொண்ட கட்டமைப்பு. நல்ல அப்சார்பரும் சற்றுத் தாழ்ந்த ஸ்பிரிங்கும் போட்டு, முன்சக்கரங்களின் மேற்பகுதி உள்நோக்கிச் சாயும்படி நெகட்டிவ் கேம்பர் கொடுத்து அலைன்மெண்ட் செய்தால் அந்த மென்மை போய்விடும். அதை முதல் நாளே செய்ய வேண்டாம். சில மாதங்கள் அப்படியே ஓட்டி, காரின் சாய்வே உனக்கு எடை எங்கே நகர்கிறது என்று சொல்லிக்கொடுக்கட்டும். மிகத் தாழ்த்தவும் வேண்டாம்; நம் குடியிருப்புச் சாலைகளின் வேகத்தடைகள் யாரையும் மன்னிப்பதில்லை.

தளத்திற்குச் செல்லும் முன் செய்ய வேண்டியவற்றில் பிரேக் எண்ணெய்க்கே முதலிடம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கும். கொதித்தால் பெடல் தரை வரை போகும். நம் ஈரப்பதத்தில் அது எவ்வளவு விரைவாகக் கெடும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. கொதிநிலை உயர்ந்த புதிய எண்ணெயும், தளத்தின் வெப்பத்தைத் தாங்கும் பேடும் போட்டுக்கொள். என்ஜின் எண்ணெயை மேல் குறி வரை நிரப்பி, ஒவ்வொரு அமர்வுக்குப் பின்னும் அளந்து பார். குதிரைத்திறனைக் கூட்டும் எதையும் இப்போதைக்குத் தொடாதே.

பத்து தீகா மூத்தவர் எழுதியது (திங்கள், காலை 6.05)

நல்ல தேர்வு. சத்ரியாவை மறுத்ததில் எனக்கு வருத்தமில்லை. முதல் அமர்விலிருந்தே பயிற்றுநர் ஒருவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளுங்கள். உலு லங்காட் சாலையில் வார இறுதிகளில் மிதிவண்டிக்காரர்கள் மிகுதி. அங்கே காட்ட நினைக்கும் வேகத்தைத் தளத்திற்கு ஒத்திவையுங்கள்.

சுபாங் சாரதி எழுதியது (திங்கள், காலை 10.30)

உருள்பாதுகாப்பைப் பற்றிப் பின்னர் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். பணம் கொடுப்பதற்கு முன் இதைச் சரிபார்த்துவிடுங்கள். என்சி காரில் இருக்கைகளுக்குப் பின்னாலுள்ள சிறு வளைவுகளை நம்பித் தளத்தில் ஓட்டக் கூடாது. போல்ட்டால் பொருத்தும் முறையான உருள்சட்டம் வேண்டும். உங்கள் உயரத்திற்கு அதுவும் போதுமா என்பதை அறிய ஒரு எளிய சோதனை இருக்கிறது. தலைக்கவசம் அணிந்து, இருக்கைப்பட்டை பூட்டி, ஓட்டும் நிலையில் அமருங்கள். முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பிலிருந்து உருள்சட்டத்தின் உச்சி வரை ஒரு நேரான குச்சியை இருவர் பிடிக்கட்டும். தலைக்கவசம் அந்தக் குச்சிக்குக் கீழே குறைந்தது ஐந்து செ.மீ. இடைவெளியோடு இருக்க வேண்டும். இந்தக் காரில் இன்னும் சட்டம் பொருத்தவில்லை என்பதால், வாங்க எண்ணும் சட்டத்தின் உயரத்தைக் கேட்டறிந்து, அந்த உயரத்தில் ஒரு கட்டையை நிறுத்திப் பாருங்கள்.

குச்சி இடித்தால் உடனே காரைக் கைவிட வேண்டியதில்லை. இருக்கை மெத்தையின் பஞ்சைக் குறைக்கலாம். அல்லது தாழ்வான நிலைத்த இருக்கையை மாற்றிப் பொருத்தலாம். இரண்டு மூன்று செ.மீ. கிடைத்துவிடும். அப்படியும் தலை வெளியே நின்றால், அந்தக் காரைத் திறந்த நிலையில் தளத்திற்குக் கொண்டுவர வேண்டாம். அப்போது இரும்புக் கூரையுள்ள 86 காரைத் தேடுவதைப் பற்றி யோசியுங்கள். ஏறத்தாழ 1,220 கிலோ என்றாலும் பின்சக்கர இயக்கமும் நல்ல சமநிலையும் அதில் உண்டு. சட்டத்தில் தலை படக்கூடிய இடங்களுக்குக் கடினமான பஞ்சுறை போடுவதையும் மறக்காதீர்கள். சாலையில் நீங்கள் தலைக்கவசம் இல்லாமல்தான் அமர்ந்திருப்பீர்கள்.

பிரிக்பீல்ட்ஸ்வாசி எழுதியது (திங்கள், பிற்பகல் 2.18)

நன்றி சகோதரி. கம்ப்ரஷன் பார்க்க நாளை மறுநாள் காரைக் கிள்ளானுக்குக் கொண்டுவருகிறோம். தலைக்கவசத்தையும் நேரான மூங்கில் குச்சி ஒன்றையும் எடுத்து வருகிறேன். அண்ணன் ஒரு முனையைப் பிடித்தால் அங்கேயே பார்த்துவிடலாம். இரண்டும் சரியாக வந்தால் அன்றே முன்பணம் கொடுப்பேன்.